முழங்கையில் பட்ட அடி சுண்டுவிரலுக்கு ஏன் போகிறது

நீட் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தபோது குடியாத்தத்தில் தம்பி வீட்டில் தங்கியிருந்தேன். தம்பி மகளுக்கு உட்கார்ந்து படிக்கும் வழக்கம் கிடையாது. புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் பின்கட்டுக்குமாக நடப்பாள், உதடு ஓயாது. அன்று மாலை "மூளை நரம்பு பன்னெண்டு ஜோடி, தண்டுவட நரம்பு முப்பத்தொரு ஜோடி" என்று சொல்லிக்கொண்டே திரும்பியவள் கதவு நிலையில் முழங்கையை இடித்துக்கொண்டாள். புத்தகம் கீழே விழுந்தது.

"என்னம்மா, எங்க பட்டுச்சு?"

"முழங்கையில பெரியப்பா. கரண்ட் அடிச்ச மாதிரி சுர்ருனு போகுது."

"எங்க போகுது?"

கையை உதறிக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள். "சுண்டுவிரலுக்கு. மோதிர விரல்லயும் கொஞ்சம்."

"நடுவிரல்ல?"

"இல்ல."

"மோதிர விரல் முழுசுமா தெரியுது?"

இன்னொரு கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "முழுசும் இல்ல பெரியப்பா. சுண்டுவிரல் பக்கம் இருக்கிற பாதி மட்டும்."

முப்பது வருடம் உடற்கூறியல் நடத்தியவன் நான். முதலாமாண்டு மருத்துவ மாணவர்களுக்கு ஒரு நாள் முழுக்கச் சொல்லித்தந்தாலும் மறந்துபோகும் ஒரு எல்லைக்கோட்டை அந்தப் பெண் அரை நிமிடத்தில் தன் விரலிலேயே கண்டுபிடித்துவிட்டாள். மோதிர விரலைச் சரிபாதியாகப் பிளக்கும் கோடு அது. ஒரு பக்கம் அல்நார் நரம்பின் ஆட்சி. மறுபக்கம் மீடியன் நரம்பின் ஆட்சி.

அவள் இடித்துக்கொண்டது எலும்பை அல்ல. முழங்கையின் உட்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பு முனைக்குப் பின்னால் ஒரு சிறு பள்ளம் உண்டு. அந்தப் பள்ளத்தில்தான் அல்நார் நரம்பு ஓடுகிறது, மேலே தசையின் மூடாக்கு இல்லாமல், தோலுக்கு நேர் அடியில். கையை லேசாக மடக்கி அங்கே விரலை வைத்து மெதுவாக உருட்டினால் சணல் கயிறு போல ஒன்று நழுவும். இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பவர் இப்போதே பார்த்துவிடலாம். கத்தி இல்லாமல், படம் இல்லாமல், உயிரோடு இருக்கும் ஒரு நரம்பைத் தொட்டுப் பார்க்க நமக்கு வாய்த்திருக்கும் மிகச் சில இடங்களில் அது ஒன்று.

அடி பட்டது முழங்கையில். அப்படியானால் வலி ஏன் சுண்டுவிரலில்? அந்த நரம்புக்குள் இருக்கும் உணர்ச்சி இழைகள் சுண்டுவிரலின் தோலில் தொடங்கி, முழங்கை வழியே, அக்குள் வழியே, கழுத்தின் அடிவரை போகின்றன. வழக்கமாக அவை நுனியில்தான் தூண்டப்படும். வழியில் எங்கோ தூண்டப்பட்டாலும் மேலே போகும் துடிப்பில் எந்த வித்தியாசமும் இருக்காது. மூளைக்கு வந்து சேர்வது "இந்த இழையில் துடிப்பு வந்தது" என்ற ஒரு செய்தி மட்டும். அந்த இழை சுண்டுவிரலுடையது. ஆகவே சுண்டுவிரல் என்று மூளை தீர்மானிக்கிறது.

இதை அவளுக்குச் சொன்னபோது அவள் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. "அப்போ மூளை ஏமாறுதா பெரியப்பா?" ஏமாறத்தான் செய்கிறது. மாரடைப்பு வந்தவர்கள் பலர் இடது கையின் உட்பக்கம் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு மருத்துவமனைக்கு வருவது இதனால்தான். இதயத்திலிருந்து வரும் வலி இழைகள் மார்புப் பகுதியின் மேல் நரம்புகள் வழியாகத் தண்டுவடத்துக்குள் நுழைகின்றன. கையின் உட்புறத் தோலிலிருந்து வரும் இழைகளும் அதே வாசல் வழியாகத்தான் நுழைகின்றன. ஆயுள் முழுக்க அந்த வாசலில் கையின் செய்தியையே கேட்டுப் பழகிய மூளை, இதயம் கூப்பிடும்போதும் கை என்றே எடுத்துக்கொள்கிறது. உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கழுத்தின் 3, 4, 5-ஆம் நரம்புகளிலிருந்து பிறக்கிறது. தோள்பட்டைத் தோலின் செய்தி வருவதும் அங்கேதான். அதனால் உதரவிதானத்தின் அடியில் சீழோ இரத்தமோ தேங்கினால் நோயாளி தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மூளைக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுக்கும் பாடநூல், புற நரம்பு மண்டலத்தை ஒன்றிரண்டு பத்திகளில் முடித்துவிடுகிறது. மைய நரம்பு மண்டலத்தோடு தொடர்புடைய எல்லா நரம்புகளும் சேர்ந்தது புற நரம்பு மண்டலம். அதில் உட்செல் இழைகள், வெளிச்செல் இழைகள். உடல் நரம்பு மண்டலம், தானியங்கு நரம்பு மண்டலம். தானியங்கில் பரிவு, எதிர்ப்பரிவு. அவ்வளவுதான். நீட் தேர்வில் 180 கேள்விகள், அதில் உயிரியலுக்கு 90. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறினால் ஒன்று போகும். இந்தப் பத்தியிலிருந்து ஒரு கேள்வி வரலாம், வராமலும் போகலாம். ஆகவே பிள்ளைகள் இதைப் பட்டியலாக மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மொத்தப் பாடத்திட்டத்திலும் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கும் பாடம் இது ஒன்றுதான் என்பதை யாராவது அவர்களிடம் சொல்லியிருக்கலாம். தேர்வுக் கூடத்துக்குள் பேனாவைக்கூட எடுத்துப் போக முடியாது; அங்கேதான் தருகிறார்கள். கையையும் முகத்தையும் வாசலில் வைத்துவிட்டு வா என்று யாராலும் சொல்ல முடியாது.

முகத்திலிருந்து தொடங்கினோம். கண்ணாடி முன் நிற்கச் சொன்னேன். மூளை நரம்புகளின் 12 எண்களும், அவை மூளையோடு சேரும் இடத்தை வைத்து முன்னிருந்து பின்னாக இடப்பட்டவை. சமையலறையில் கருவேப்பிலை தாளிக்கும் வாசம் வந்தது: முதல் நரம்பு. கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள்: இரண்டாவது. தலையை ஆட்டாமல் என் விரலைக் கண்ணால் தொடரச் சொன்னேன்: 3, 4, 6 மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்தன. பல்லைக் கடித்தபோது கன்னத்தில் புடைத்த தசைக்கு ஐந்தாவது. முகத்தின் தொடுகையும் அதனுடையதே. சிரித்தாள்: ஏழாவது. வெளியே ஸ்கூட்டர் போனது கேட்டது: எட்டாவது. எச்சில் விழுங்கினாள்: 9, 10. தோளைக் குலுக்கினாள்: 11. நாக்கை நீட்டினாள்: 12.

இப்படிப் பார்த்துவிட்டால் எது உணர்ச்சி நரம்பு, எது இயக்க நரம்பு என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மோப்பம், பார்வை, கேட்டல் ஆகிய மூன்றிலும் அசைவதற்கு ஒன்றுமில்லை. 1, 2, 8 உணர்ச்சி நரம்புகள். கண்ணை உருட்டுவது, தோளைக் குலுக்குவது, நாக்கை நீட்டுவது அசைவுதான். 3, 4, 6, 11, 12 இயக்க நரம்புகள். மீதமுள்ள 5, 7, 9, 10 கலப்பு நரம்புகள். மெல்லுகிற வாய்க்குத் தொடுவதும் தெரியும். சிரிக்கிற முகத்தின் நரம்புதான் நாக்கின் முன்பகுதிச் சுவையையும் கொண்டுபோகிறது. தண்டுவட நரம்புகளில் இந்தப் பிரிவினையே கிடையாது. 31 இணையும் கலப்பு நரம்புகள்தான்.

இரண்டாம் நரம்பைப் பற்றி ஒரு வார்த்தை. பார்வை நரம்பு உண்மையில் நரம்பே அல்ல. கருவில் மூளையிலிருந்து முளைத்து வெளியே நீண்ட மூளையின் கிளை அது. அதன் மயலின் உறையைச் சுற்றுவதும் ஸ்வான் செல் அல்ல, மூளைக்குள் அந்த வேலையைச் செய்யும் ஆலிகோடென்ட்ரோசைட். தேர்வில் இதையெல்லாம் எழுத வேண்டியதில்லை. பட்டியலில் 12 என்றுதான் இருக்கும், 12 என்றே குறிக்க வேண்டும். ஆனால் மனிதர் போட்ட பெயரும் உடம்பின் கணக்கும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதை மருத்துவராகப் போகிறவர் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

"கழுத்துல முள்ளெலும்பு ஏழுதானே பெரியப்பா? கழுத்து நரம்பு மட்டும் ஏன் எட்டு?" இதை அவள் மனப்பாடம் செய்திருந்தாள், காரணம்தான் தெரியவில்லை. கையை விரித்துப் பிடிக்கச் சொன்னேன். ஐந்து விரலுக்கு நடுவே நான்கு சந்து. கட்டைவிரலுக்கு வெளிப்பக்கத்தையும் சுண்டுவிரலுக்கு வெளிப்பக்கத்தையும் சேர்த்தால் ஆறு. அதே கணக்குத்தான். முதல் கழுத்து நரம்பு முதல் முள்ளெலும்புக்கு மேலே வெளியேறுகிறது, ஏழாவது ஏழாம் எலும்புக்கு மேலே; ஏழாம் எலும்புக்குக் கீழே வருவது எட்டாவது. அங்கிருந்து கீழே ஒவ்வொரு நரம்பும் தன் எண்ணுள்ள எலும்புக்குக் கீழே வரும். மார்பில் 12, இடுப்பில் 5, திருவெலும்பில் 5, வாலெலும்பில் 1. கூட்டினால் 31. அவளுக்கு அடிபட்ட சுண்டுவிரல் அந்த எட்டாவது கழுத்து நரம்பின் பகுதி.

தண்டுவடம் முதுகெலும்பின் முழு நீளத்துக்கும் ஓடுவதில்லை. வளர்ந்தவர்களுக்கு அது இடுப்பின் முதல், இரண்டாம் முள்ளெலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. குழந்தை வளரும்போது எலும்பு நீண்ட வேகத்துக்குத் தண்டுவடம் நீளவில்லை. ஆனால் கீழே உள்ள நரம்புகள் தத்தம் வாசல் வழியாகத்தானே வெளியே போக வேண்டும்? அதனால் அவை எலும்புக் குழாய்க்குள்ளேயே குதிரைவாலின் முடிபோலத் தொங்கிக்கொண்டு கீழே இறங்குகின்றன. அறுவை சிகிச்சைக்கு முன் முதுகில் போடும் ஊசியை மருத்துவர் மூன்றாம், நான்காம் இடுப்பு எலும்புகளுக்கு நடுவே அல்லது அதற்கும் கீழே குத்துவது இதனால்தான். அங்கே ஊசி முனையில் படுவதற்குத் தண்டுவடம் இல்லை. நீருக்குள் மிதக்கும் நரம்பு இழைகள் ஊசிக்கு வழிவிட்டு விலகிக்கொள்ளும்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த தம்பி மனைவி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. "இவ பொறந்தப்ப எனக்கு அந்த ஊசிதான் மாமா போட்டாங்க. வலியே தெரியல. ஆனா யாரோ வயித்துக்குள்ள கையை விட்டு இழுக்கிறது மட்டும் தெரிஞ்சுது. அது எப்படி?" மயக்க மருத்துவர்களிடம் தாய்மார் வழக்கமாகச் சொல்வதுதான் இது. வலியைக் கொண்டுபோகும் இழைகள் மெல்லியவை. மருந்துக்குச் சீக்கிரம் அடங்கிவிடும். அழுத்தத்தையும் தொடுகையையும் கொண்டுபோகும் பருத்த இழைகள் அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. ஒரு நரம்பு என்பது ஒரு கம்பி அல்ல. தடிமனிலும் வேலையிலும் வேறுபட்ட ஆயிரக்கணக்கான இழைகளின் கட்டு என்பதற்கு, பிள்ளை பெற்ற அந்த அம்மாவின் சாட்சியத்தைவிட நல்ல சான்றை நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

உணர்ச்சி இழைகளும் இயக்க இழைகளும் தண்டுவடத்தின் அருகில் பிரிந்துகொள்கின்றன என்பது தெரிந்து இருநூறு ஆண்டுதான் ஆகிறது. லண்டனில் சார்லஸ் பெல் 1811-இல் அச்சிட்டுத் தன் நண்பர்களுக்குக் கொடுத்த ஒரு சிறு நூலில் முன்வேர் இயக்கத்தோடு தொடர்புடையது என்பதைத் தொட்டுக்காட்டினார். பாரிஸில் ஃபிரான்சுவா மஜான்டி 1822-இல் நாய்க்குட்டிகளிடம் இரு வேர்களையும் தனித்தனியாக அறுத்துப் பார்த்தார். பின்வேர் அறுந்தால் உணர்ச்சி போயிற்று, அசைவு இருந்தது. முன்வேர் அறுந்தால் அசைவு போயிற்று. மயக்க மருந்து இல்லாத காலம் அது. அந்தச் சோதனைகளின் கொடுமையைப் பற்றி அப்போதே பலத்த எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது என்றே நானும் நினைக்கிறேன். இன்று ஒரே வரியில் படிக்கும் உண்மைக்குப் பின்னால் அந்தக் குட்டிகளும் இருக்கின்றன.

இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால் நீளத்தைத்தான் சொல்வேன். பெருவிரலின் தோலிலிருந்து அதிர்வை எடுத்துச் செல்லும் ஒரு நியூரானைப் பாருங்கள். அதன் செல் உடலம் இடுப்புக்குப் பக்கத்தில், பின்வேரில் உள்ள நரம்பு முடிச்சில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு கிளை கால் வழியாகப் பெருவிரல் வரை இறங்குகிறது. இன்னொரு கிளை தண்டுவடத்துக்குள் நுழைந்து, நடுவில் எங்கும் கைமாறாமல், கழுத்துக்கு மேலே முகுளம் வரை ஏறுகிறது. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். ஒரே செல். செல் என்றாலே நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் புள்ளி என்று எண்ணிப் பழகிய நமக்கு, ஆள் உயரத்துக்கு நீளும் ஒரு செல் நம் காலுக்குள்ளேயே ஓடுகிறது என்பதை ஒரு நிமிடம் நின்று யோசித்தால்தான் மனதில் ஏறும்.

இவ்வளவு நீளமான செல்லுக்கு உணவு எங்கிருந்து வரும்? நுனிக்குத் தேவையான புரதங்களில் பெரும்பாலானவை செல் உடலத்தில்தான் தயாராகின்றன. அங்கிருந்து ஆக்ஸானுக்குள் இருக்கும் நுண்குழல்கள் வழியாகச் சுமந்து செல்லப்படுகின்றன. மிக வேகமான சரக்கே ஒரு நாளைக்கு 40 சென்டிமீட்டர்தான் நகரும். இடுப்பில் கிளம்பியது பெருவிரலைச் சேர இரண்டு நாளுக்கு மேல் ஆகும். அறுந்த நரம்பு மீண்டும் வளர்வது இன்னும் மெதுவாக, நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். விபத்தில் முழங்கையருகே நரம்பு அறுந்தவருக்குத் தையல் போட்ட பிறகு, விரல் நுனிக்கு உணர்வு திரும்ப ஒரு வருடம்கூட ஆகலாம் என்று சொல்வது இந்தக் கணக்கில்தான். மூளையிலும் தண்டுவடத்திலும் அந்த வளர்ச்சிகூட நடப்பதில்லை. புற நரம்புக்கு மட்டும் அந்த வாய்ப்பு உண்டு. ஸ்வான் செல்கள் பழைய வழியைத் திறந்து வைத்துக் காத்திருக்கின்றன.

ஸ்வான் செல்லைப் பற்றித் தேர்வில் மாணவர்களைத் தடுமாற வைக்கும் வரி ஒன்று உண்டு. மயலின் உறை இல்லாத நரம்பிழையையும் ஸ்வான் செல் சூழ்ந்திருக்கிறது. உறையாகச் சுற்றுவதில்லை, அவ்வளவே. பருத்த இழைக்கு ஒரு ஸ்வான் செல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு மட்டும் பாய் சுருட்டுவதுபோலத் தன்னைச் சுற்றிக்கொள்ளும். அடுத்த மில்லிமீட்டருக்கு அடுத்த செல். நடுவே விடுபடும் இடம்தான் ரான்வீர் கணு. மெல்லிய இழைகளிடம் அது நடந்துகொள்ளும் விதம் வேறு. ஒரு தாய் தன் முந்தானைக்குள் நாலைந்து குழந்தைகளை அணைத்துக்கொள்வதுபோல, பல இழைகளை ஒரே செல் தன் மடிப்புகளில் வைத்துக்கொள்கிறது.

இந்த இரண்டு ஏற்பாட்டுக்கும் நடுவே உள்ள வேக வித்தியாசத்தை எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். இருட்டில் கட்டில் காலில் கால்விரலை இடித்துக்கொண்டால், இடித்தது உடனே தெரியும். "ஐயோ, இப்ப வலிக்கப்போகுது" என்று நினைக்க நேரம் கிடைக்கும். அதன் பிறகே அந்தக் கனத்த வலி வந்து சேரும். தொடுகைச் செய்தியை மயலின் உறையுள்ள பருத்த இழைகள் விநாடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் கொண்டுபோகின்றன. கனத்த வலியைக் கொண்டுபோகும் உறையற்ற இழைகளின் வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர் அளவுதான், நாம் நடக்கும் வேகம். இழையின் தடிமனுக்கும் வேகத்துக்கும் உள்ள இந்த உறவைக் காட்டியதற்காக எர்லாங்கருக்கும் காசருக்கும் 1944-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கும் நூறு வருடத்துக்கு முன்பு, நரம்பின் வேகத்தை மனிதரால் அளக்கவே முடியாது என்று ஜெர்மனியின் பெரிய உடலியங்கியல் ஆசிரியர் ஜோகன்னஸ் மூல்லர் கருதினார். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-இல் தவளையின் நரம்பையும் கெண்டைத் தசையையும் வைத்து அளந்தே காட்டினார். விநாடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர். எண்ணத்தின் வேகம் என்று கவிஞர்கள் பேசிவந்ததை அளந்து சொல்லக்கூடிய ஓர் எண்ணாக அவர் மாற்றிவிட்டார். அதில் எனக்கு ஏமாற்றம் ஏதும் இல்லை. அளக்க முடிகிற ஒன்றைத்தான் நோயில் சோதித்துப் பார்க்கவும் முடியும்.

தானியங்கு நரம்பு மண்டலத்தை நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மாதிரித் தேர்வு எழுதிவிட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை அவளே சொன்னாள்: கேள்வித்தாளைப் பிரித்ததும் வாய் உலர்ந்துவிட்டது, நெஞ்சு படபடத்தது, உள்ளங்கை வியர்வையில் விடைத்தாள் நனைந்தது. மூன்றும் பரிவு நரம்பு மண்டலத்தின் வேலை. அது மார்பு, மேலிடுப்புப் பகுதிகளிலிருந்து கிளம்பி, முதுகெலும்பின் இரு பக்கமும் மணி கோத்ததுபோல இருக்கும் நரம்பு முடிச்சுகளில் முதலில் இறங்குகிறது. ஊர் நடுவில் தண்டோரா போட்டால் எல்லாத் தெருவுக்கும் கேட்பதுபோல, அங்கிருந்து ஒரே நேரத்தில் உடம்பெங்கும் செய்தி பரவுகிறது. முடிச்சு தண்டுவடத்துக்கு அருகில் இருப்பதால் முன் இழை குட்டை, பின் இழை நீளம். எதிர்ப்பரிவில் இதற்கு நேர்மாறு. மூளை நரம்புகளில் 3, 7, 9, 10 வழியாகவும் திருவெலும்பின் 2, 3, 4-ஆம் நரம்புகள் வழியாகவும் வந்து, உறுப்பின் வாசலுக்கே போய்த்தான் முடிச்சில் சேர்கிறது. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் மட்டும் போய்ச் சொல்லும் குணம் அதற்கு. உள்ளங்கை வியர்வையில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: வியர்வைச் சுரப்பிக்கு வருவது பரிவு நரம்புதான், ஆனால் அது அங்கே வெளியிடுவது அசிட்டைல்கோலின்.

அந்த வேதிப்பொருள் கண்டுபிடிக்கப்பட்ட கதையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி ஒரு நள்ளிரவில் கனவிலிருந்து விழித்து, கண்ட சோதனையைத் தாளில் கிறுக்கிவைத்துவிட்டுத் தூங்கினார். காலையில் தன் எழுத்தே அவருக்குப் புரியவில்லை. மறுநாள் இரவு கனவு திரும்ப வந்தது. இந்த முறை எழுந்து நேரே ஆய்வகத்துக்குப் போனார். இரண்டு தவளை இதயங்கள். ஒன்றின் வேகஸ் நரம்பை, அதாவது பத்தாம் மூளை நரம்பை, தூண்டினார். அதன் துடிப்பு மந்தமானது. அந்த இதயத்தில் இருந்த திரவத்தை எடுத்து இன்னொன்றில் விட்டார். எந்த நரம்பும் தொடாத அந்த இதயமும் மந்தமானது. நரம்பு தன் நுனியில் மின்சாரத்தால் அல்ல, ஒரு வேதிப்பொருளால் பேசுகிறது என்பதைக் காட்டிய அந்தச் சோதனையை 1921-இல் வெளியிட்டார். 1936-இல் ஹென்றி டேலோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணச் சொன்னேன். மூச்சை இழுக்கும்போது நாடி சற்று விரைகிறது. மெதுவாக வெளியே விடும்போது தணிகிறது. மூச்சை விடும் அந்த நேரத்தில் வேகஸின் பிடி இறுகுகிறது. இதயத்தைத் தன்போக்கில் விட்டால் நிமிடத்துக்கு நூறு முறை துடிக்கும். மாற்று இதயம் பொருத்தியவர்களுக்கு ஓய்விலும் நாடி அந்த அளவில் இருக்கும், ஏனென்றால் அதில் வேகஸ் இணைந்திருக்காது. நமக்கு எழுபதில் நிற்பது, தாய் குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல அந்த நரம்பு ஓயாமல் அடக்கிக்கொண்டே இருப்பதால். "ஹால்ல படபடப்பு வந்தா நீளமா மூச்சு விடு. அது பாடத்துலயே இருக்கு" என்றேன்.

வேலூர்ப் பக்கத்துக்காரனான நான் இந்தப் பாடத்தைத் தொழுநோயைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1873-இல் நார்வேயில் ஹான்சன் கண்ட அந்தக் கிருமி ஸ்வான் செல்லுக்குள் குடிபுகுகிறது. உடம்பின் குளிர்ந்த இடங்களையே விரும்புகிறது. முழங்கையில் தோலுக்கு அடியிலேயே ஓடும் அல்நார் நரம்பு அதற்கு வசதியான இடம். நரம்பு தடித்து, சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கி, உணர்வு போய்விடும். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், அறுவை மருத்துவராக 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு வருடம் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனவர், மடங்கிய கையுள்ள ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். வலி தாங்க முடியாத பிடி. அந்தக் கையில் வலிமை சாகவில்லை என்று அவருக்கு அப்போது புரிந்தது. சில நரம்புகளே இறந்திருந்தன. பிழைத்த தசைகளின் நாண்களை இடம் மாற்றித் தைத்தால் விரல்கள் மீண்டும் விரியும். அப்படியே செய்தும் காட்டினார். விரல்கள் நோயால் அழுகி உதிர்வதாக அதுவரை நம்பிவந்தார்கள். கனலில் விழுந்ததை வெறுங்கையால் எடுப்பது, துருப்பிடித்த பூட்டை எலும்பு தெரியும்வரை திருகுவது, தூக்கத்தில் எலி கடிப்பது என்று, வலி தெரியாததால் ஏற்படும் காயங்களே விரல்களைத் தின்கின்றன என்பதை அவரும் உடன் உழைத்தவர்களும் நோயாளிகளின் அன்றாடத்தைக் கூடவே இருந்து கவனித்துக் கண்டுபிடித்தார்கள். இன்று தொழுநோய்க்குக் கூட்டு மருந்து இருக்கிறது, முற்றிலும் குணமாகும். அவர்கள் கற்றுத்தந்த கால் பராமரிப்புதான் இப்போது சர்க்கரை நோயாளிகளுக்குப் பயன்படுகிறது.

சர்க்கரை என்றதும் அவள் பாட்டியைப் பார்த்தாள். என் அம்மாவுக்குச் சர்க்கரை வந்து இருபது வருடம். தை மாதத்தில் கடைத்தெருவிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தாள். இன்னொன்று எங்கே கழன்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லோரும் சிரித்தோம். நான் சிரித்திருக்கக் கூடாது. சர்க்கரை மிகுதியால் நலியும் நரம்புகளில் முதலில் விழுவது மிக நீளமானவை. செல் உடலத்திலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் கால்விரல் நுனியே முதலில் பட்டினி கிடக்கும். மரப்பு அங்கிருந்து காலுறை போட்டதுபோல மேலே ஏறும். முழங்காலை அது நெருங்கும்போதுதான் கைவிரல் நுனிகளின் முறை வரும், ஏனென்றால் அந்த இரண்டு தூரமும் ஏறத்தாழ ஒன்று. மருத்துவமனையில் 10 கிராம் அழுத்தத்துக்கு வளையும் நைலான் இழையாலும், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையாலும் பாதத்தைச் சோதிப்பார்கள். நரம்பின் பெயர் தெரியாமலேயே இந்தச் சோதனையை யாரும் செய்யலாம்.

அவள் பூஜை அலமாரியிலிருந்து திரி போடும் பஞ்சைக் கொஞ்சம் எடுத்து முறுக்கினாள். பாட்டியைக் கட்டிலில் காலை நீட்டி உட்காரவைத்து, கண்ணை மூடச் சொன்னாள். "தொடும்போது சொல்லுங்க பாட்டி." பெருவிரலைத் தொட்டாள். பாதத்தின் மேலே தொட்டாள். கணுக்காலில் தொட்டாள்.

"எப்படீ தொடப் போற? கண்ணை எவ்ளோ நேரம் மூடிட்டே இருக்கறது?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் பஞ்சை மேலே நகர்த்தினாள். கணுக்காலுக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் பாட்டி "ஆங், இப்ப" என்றாள். அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டாள். மற்றக் காலிலும் கீழிருந்து தொடங்கி, "இப்ப" என்ற இடத்தில் இன்னொரு கோடு. இரண்டையும் குனிந்து பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே உயரம் பெரியப்பா. அடிபட்டிருந்தா ஒரு காலுக்குத்தானே வரும்? இது நீளத்துக்குத்தான் வந்திருக்கு."

பிறகு அவளாகவே பாட்டியின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சுண்டுவிரல் நுனியைப் பஞ்சால் தொட்டாள்.

"சுண்டுவெரலு," என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே. "நல்லாத் தெரியுது."